நகரத்தின் திண்ணை

சென்ற இதழில் பழைய டில்லியின் மதில் வாயில்களைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர் ஒருவர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நம்மைக் கண்டு, "வாயில்களைப் பற்றி எழுதினீர்கள், நன்று. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை இடிந்து மறைந்துவிட்டன. இருப்பதைப் பற்றியும் கொஞ்சம் எழுதலாகாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பழைய நகரத்தில் எஞ்சியிருப்பவற்றுள் எது இன்றும் தன் பழைய தொழிலையே செய்துகொண்டிருக்கிறது என்று யோசித்துப் பார்த்தோம். மதில் இன்று எவரையும் தடுப்பதில்லை. நிற்கும் நாலைந்து வாயில்களும் எவருக்கும் திறப்பதில்லை, எவருக்கும் மூடுவதில்லை. செங்கோட்டை அரசரை இழந்து, டிக்கெட்டு வாங்கிப் பார்க்கும் இடமாகிவிட்டது. ஜும்மா மசூதியின் மூன்று பக்கத்துப் படிக்கட்டுகள் மட்டும் ஏறக்குறைய 370 ஆண்டுகளாகச் செய்துவந்த வேலையை இன்றும் விடாமல் செய்துவருகின்றன. ஆகவே இந்த மாதம் படிக்கட்டுகளின் கதை.

இதை எழுதத் தூண்டிய குடும்பச் சமாசாரம் ஒன்றும் உண்டு. சென்ற கார்த்திகையில் நம் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். தந்தையார் காலமான பின்பு தஞ்சை ஜில்லாவில் தனியே காலம் கழித்து வந்தவரை, இனி எங்களோடுதான் இருக்கவேண்டும் என்று வற்புறுத்தி அழைத்து வந்தோம். நமது குவார்ட்டர்ஸ் மூன்றாவது மாடியில் உள்ளது. லிப்ட் கிடையாது. கீழிருந்து நம் வாசல் வரையில் 54 படிகள். பார்சல் ஆபீஸில் நாள் முழுதும் உருப்படிகளை எண்ணிக் கணக்கெழுதும் பழக்கத்தால், எண்ணாமல் நாம் ஒரு நாளும் ஏறியதில்லை. அம்மாவுக்கோ முழங்கால் வலி. முதல் நாள் சுவரைப் பிடித்து ஏறி வந்தவர், பிறகு மூன்று வாரம் கீழே இறங்கவே இல்லை. எதிர்வீட்டுக் கதவு எப்போதும் சாத்தியிருக்கும். பக்கத்து வீட்டார் நல்லவர்களே ஆயினும், கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய் இருட்டிய பின்புதான் திரும்புவார்கள். நாமும் பகலில் வீட்டில் இருப்பதில்லை. குழந்தை பள்ளிக்கூடத்தில் இருப்பாள். மனைவி சமையலறையில் இருந்தால் அம்மா ஜன்னலருகில் இருப்பார்.

ஒரு நாள் இரவு சாப்பிட்டு முடித்ததும், "தம்பி, இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உட்காருவதற்குத்தான் ஒரு திண்ணை இல்லை. பொங்கலுக்கு முன்னால் ஊருக்கு ஒரு டிக்கெட்டு எடுத்துவிடு" என்றார். ரயில்வேயில் சம்பளம் வாங்கிக்கொண்டு டிக்கெட்டு அகப்படவில்லை என்று பொய் சொல்ல முடியுமா? எடுத்துவிட்டோம். அதன் பிறகு வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆறாம் வகுப்பில் படிக்கும் நம் மகளுக்கு, டில்லியின் பழைய கட்டடம் ஒன்றை நேரில் பார்த்து அளந்து எழுதி வரவேண்டும் என்று ஆசிரியை பணித்தார். ஜும்மா மசூதி என்று முடிவாயிற்று. "ஊர் திரும்புமுன் ஒன்றையாவது பார்த்துவிட்டுப் போகிறேன்" என்று அம்மாவும் கிளம்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மெட்ரோ ரயிலில் போனோம். 2017-ஆம் ஆண்டு முதல் மசூதியின் பெயராலேயே ஒரு நிலையம் இருக்கிறது. அதிலிருந்து வெளியே வந்தால் சிறிது தூரத்தில் கிழக்குப் படிக்கட்டு கண்ணில் படுகிறது.

ஷாஜஹான் சக்கரவர்த்தி ஆக்ராவை விட்டு யமுனைக் கரையில் புதிய தலைநகர் காணத் தொடங்கிய ஆண்டு 1639. கோட்டை முடிந்து அவர் குடிபுகுந்தது 1648. கோட்டையைச் சுற்றி ஷாஜஹானாபாத் என்னும் நகரம் எழுந்தது. அந்நகரத்தைச் சுற்றி முதலில் மண்ணாலும், பின்னர் கல்லாலும் மதில் எழுந்தது. நகரின் நடுவே போஜ்லா பஹாடி என்றொரு சிறு குன்று இருந்தது. அக்குன்றின்மேல் 1650-இல் மசூதி வேலை தொடங்கி 1656-இல் நிறைவேறிற்று. ஏறக்குறைய 5,000 பேர் உழைத்தார்கள் என்றும், பத்து லட்சம் ரூபாய் செலவாயிற்று என்றும் சரித்திரம் கூறுகிறது. ஊரில் எந்த வீட்டு மாடியும் தொழுமிடத்தை விட உயர்ந்து நிற்கலாகாது என்பது போலக் குன்றின் தலையில் கட்டினார்கள். அவ்வளவு உயரத்தில் கட்டியதனால் படிகள் தேவைப்பட்டன. தொழுவோர் மேற்கு நோக்கி நிற்கவேண்டுமாதலால் அந்தப் பக்கம் சுவர். கிழக்கு, தெற்கு, வடக்கு ஆகிய மூன்று பக்கங்களிலும் வாயிலும், வாயில் தோறும் சிவந்த மணற்கல்லாலான அகன்ற படிக்கட்டும் அமைத்தார்கள்.

அம்மா நிமிர்ந்து பார்த்தார். "இத்தனையும் என்னால் ஏற முடியாது. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் எண்ணிவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, கிழக்குப் பக்கத்தில் மூன்றாவது படியில் அமர்ந்துகொண்டார். வெயில் இதமாக இருந்தது. நாமும் மகளும் மட்டும் எண்ணப் புறப்பட்டோம்.

கிழக்கில் 35 என்று குழந்தை நோட்டில் குறித்தாள். தெற்கே சுற்றிப் போய் எண்ணினோம், 33 ஆயிற்று. வடக்கே வந்து எண்ணினால் 39! "அப்பா, எங்கேயோ தப்பு எண்ணிவிட்டோம்" என்றாள். உருப்படி குறைந்தாலும் கூடினாலும் மறுபடி எண்ணு என்பதுதான் நம் ஆபீஸ் வேதம். மறுபடி எண்ணினோம். 39 தான். வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியபோது அவற்றிலும் அதே கணக்குதான் இருந்தது. வடக்கே 39, கிழக்கே 35, தெற்கே 33.

காரணம் எளியது. மேலே முற்றம் ஒரே சமமாக இருக்கவேண்டும். அங்கே 25,000 பேர் வரிசையாக நின்று தொழலாம். கீழே உள்ள குன்றோ சமமானதன்று. நிலம் எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் படி அதிகம். மூன்று பக்கமும் ஒரே எண்ணிக்கை வரவேண்டும் என்று கொத்தர்கள் குன்றைச் செதுக்கவில்லை. எங்கிருந்து வருபவனுக்கு எத்தனை படி வேண்டுமோ அத்தனை போட்டார்கள். குழந்தை இதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்ட நமக்கும் இது ஒரு பாடமாகவே பட்டது.

இனி, இந்தப் படிகள் செய்த தொழிலைப் பார்ப்போம். சையத் அகமது கான் என்பவர், பின்னாளில் அலிகாரில் கல்லூரி கண்ட அதே பெரியவர், தம் முப்பதாம் வயதில் டில்லியின் கட்டடங்களைப் பற்றி ஒரு நூல் எழுதி 1847-இல் வெளியிட்டார். அதில் இந்தப் படிக்கட்டுகளில் மாலை வேளையில் என்னென்ன நடந்தன என்பதையும் விட்டுவிடாமல் குறித்திருக்கிறார். தெற்குப் படிகளில் சர்பத்தும் பலூடாவும் கபாபும் விற்பவர்கள் கடை பரப்புவார்கள். கிழக்குப் படிகளில் நாள்தோறும் சந்தை கூடும்; துணி விற்பவர்கள் வண்ணவண்ணத் துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்; புறாவும் பிற பறவைகளும் விலைக்கு வரும். வடக்குப் படிகளில் செப்படி வித்தைக்காரர்கள் வித்தை காட்டுவார்கள். கதை சொல்பவர் ஒருவர் முக்காலி போட்டு அமர்ந்து, அமீர் ஹம்சாவின் வீரக் கதையை நாட்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார். கூட்டம் படிகளில் வரிசை வரிசையாக உட்கார்ந்து கேட்கும்.

நம் ஊர்க் கோயில் வாசலில் பாரதம் படிப்பதையும், ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்து கேட்பதையும் கண்டவர்களுக்கு இது புதுமையாகத் தோன்றாது. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. நாடகக் கொட்டகைக்காரன் பின்வரிசைக்கும் மேடை தெரியவேண்டுமென்று பலகைகளைப் படிப்படியாக அடித்து வைக்கிறான். இங்கே அந்த ஏற்பாடு தானாகவே அமைந்துவிட்டது. ஏறுவதற்காகப் போட்ட படி, உட்காருவதற்கு ஆசனமாகிவிட்டது. படி அகலமாகவும் தணிவாகவும் இருந்தால் மனிதன் உட்காருவான்; குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தால் மூச்சு வாங்கிக்கொண்டு போய்விடுவான். நமது குவார்ட்டர்ஸின் 54 படிகளில் எவரும் உட்கார்ந்து நாம் பார்த்ததில்லை.

இந்தப் படிகளுக்கும் ஆபத்துக் காலம் வந்தது. 1857 செப்டம்பரில் ஆங்கிலேயர் நகரத்தை மீண்டும் கைப்பற்றியபோது மசூதியையும் பறித்துக்கொண்டு, சிப்பாய்கள் தங்கும் இடமாக்கினார்கள். இடித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1862-இல்தான் முஸ்லிம்களிடம் திரும்பி வந்தது. அதற்குள் மசூதிக்கும் கோட்டைக்கும் நடுவே இருந்த வீடுகளும் கடைத்தெருக்களும் தரைமட்டமாகிவிட்டன. கிழக்குப் படியில் உட்கார்ந்து பார்த்தால் செங்கோட்டை தடையின்றித் தெரிகிறதே, அந்த வெட்டவெளி ஒரு காலத்தில் ஜனங்கள் குடியிருந்த இடம். அக்காலத்தில் டில்லியிலேயே இருந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்ட கவிஞர் காலிப், இந்த நகரத்தின் உயிர் என்று ஐந்து விஷயங்களைத் தம் கடிதம் ஒன்றில் எண்ணிச் சொல்லி, அவை போய்விட்டன என்று வருந்தினார். அவற்றுள் ஒன்று, இந்த மசூதியருகே நாள்தோறும் கூடிய சந்தை.

கதை சொல்லும் கலையும் மெல்ல மெல்ல மங்கிற்று. டில்லியின் கடைசிப் பெரிய கதைசொல்லி என்று போற்றப்படும் மீர் பாகர் அலி, கேட்பார் குறைந்த காலத்தில் பாக்கு விற்றுப் பிழைத்து, 1928-இல் காலமானார். ஆனால் படிகளுக்கு ஜனங்கள் திரும்பி வந்தார்கள். சந்தை மறுபடி கூடிற்று. மதிலைக் காக்கச் சேனை இருந்தது; சேனை போனதும் மதிலும் போயிற்று. படியைக் காத்தவர்கள் அதில் உட்கார்ந்தவர்கள். ஆகையால் அது பிழைத்தது.

இதையெல்லாம் குழந்தைக்குத் தெரிந்த அளவில் சொல்லிக்கொண்டே கிழக்குப் பக்கம் திரும்பினோம். அங்கே படிகளின் அடியில் சர்மத் என்பவரின் சமாதி இருக்கிறது. ஆர்மீனிய யூதக் குடும்பத்தில் பிறந்து, வாணிபத்தின் பொருட்டு இந்நாட்டுக்கு வந்து, எல்லாவற்றையும் துறந்து ஞானியானவர். தாரா ஷுக்கோவின் நண்பர். ஔரங்கசீப் காலத்தில், ஏறத்தாழ 1661-இல், அவரைக் கொன்றார்கள். உறவினர் எவரும் இல்லாத அந்த வெளியூர்க்காரருக்கு இந்தப் படிகளின் ஓரத்தில் இடம் கிடைத்தது. இன்றும் ஜனங்கள் பூப் போடுகிறார்கள்.

அம்மாவை விட்டுச் சென்ற இடத்தில் பார்த்தால், அவர் தனியாக இல்லை. பக்கத்தில் கறுப்பு அங்கி அணிந்த ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். இருவரும் முழங்காலை நீட்டி வைத்திருந்தார்கள். அம்மா தம் சுருக்குப் பையில் எப்போதும் வைத்திருக்கும் தைலச் சீசாவை எடுத்து அந்த அம்மையாரின் கையில் ஊற்றிக்கொண்டிருந்தார். அவர் பேசியது உருது. அம்மா பேசியது தஞ்சாவூர்த் தமிழ். இடையில் மொழிபெயர்ப்பாளர் எவரும் இல்லை.

நாம் அருகில் போனதும் அம்மா சொன்னார்: "இவர்களுக்கு மூன்று பிள்ளைகளாம். ஒருவன் எங்கேயோ தூர தேசத்தில் இருக்கிறானாம். இவர்களும் மேலே ஏறுவதில்லையாம். இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுப் போவார்களாம்."

"இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றோம்.

"கையைக் காட்டினால் தெரியாதா?" என்றார்.

மகள் தன் பள்ளிக்கூட இந்தியில் அந்த மூதாட்டியிடம் விசாரித்தாள். பிள்ளைகள் மூவர் என்பது சரி. ஒருவர் சவூதி அரேபியாவில் வேலை பார்ப்பதும் சரி. அப்பாயி சொன்னதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்று குழந்தை வியந்து போனாள்.

புறப்படும்போது அம்மா, "தம்பி, இது நம் ஊர்த் திண்ணை மாதிரி இருக்கிறது. யாரையும் கேட்காமல் உட்காரலாம். ஏன் உட்கார்ந்தாய், எழுந்திரு என்று சொல்வாரில்லை" என்றார். நமக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் வேலை உத்தரவோடு இந்த ஊரில் வந்து இறங்கிய நாளில், முன்கூட்டியே கடிதம் எழுதி ஏற்பாடு செய்திருந்த விடுதியில் இடமில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். இந்தி தெரியாது; தெரிந்தவர் எவரும் இல்லை. டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்து, களைத்து, இருட்டும் வரையில் உட்கார்ந்திருந்தது இதே கிழக்குப் படிகளில்தான். வேர்க்கடலை விற்ற ஒருவர் கேளாமலே ஒரு பொட்டலத்தை நம் கையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் சௌகரியமாக இருக்கிறேன் என்று எழுதினோம். இன்று வரை அம்மாவுக்கு இதைச் சொன்னதில்லை. இந்தக் கட்டுரையை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால் தெரிந்துகொள்வார்.

மசூதிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, படிகளுக்கு எதிரிலேயே, மௌலானா ஆசாத் அடக்கமாகியிருக்கிறார். 1958 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது இங்கே அடக்கம் செய்தார்கள். அவரும் டில்லியில் பிறந்தவர் அல்லர். மக்காவில் பிறந்து கல்கத்தாவில் வளர்ந்தவர். 1947 அக்டோபரில், பிரிவினையின் நெருப்பு அணையாத நாட்களில், ஊரை விட்டுப் பாகிஸ்தானுக்குப் போக மூட்டை கட்டிக்கொண்டிருந்த டில்லி முஸ்லிம்களை நோக்கி இந்த மசூதியில் நின்று அவர் பேசினார். எங்கே போகிறீர்கள், ஏன் போகிறீர்கள், இது உங்கள் ஊர் அல்லவா என்பதே அப்பேச்சின் சாரம். கேட்டுத் தங்கியவர்கள் பலர். அதற்கு 28 ஆண்டுகள் முன்பு, 1919 ஏப்ரல் 4-ஆம் தேதி, போலீசார் சுட்டதில் மாண்டவர்களுக்காக நகரம் துக்கம் காத்தபோது, ஆரிய சமாஜத் துறவியான சுவாமி சிரத்தானந்தரை முஸ்லிம்கள் இதே படிகளின்மேல் அழைத்துச் சென்று மசூதிக்குள் பேச வைத்தார்கள். ஊர் யாருடையது என்ற கேள்வி எழுந்தபோதெல்லாம் ஜனங்கள் இங்கே வந்துதான் பதில் தேடியிருக்கிறார்கள்.

அம்மா அதன் பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தாமாகவே, "திண்ணைக்குப் போகலாமா?" என்று கேட்டார். 54 படிகளையும் இறங்கி ஏறினார். முழங்கால் வலி குறைந்தது என்று சொன்னால் அது பொய். வலியோடு இறங்கினார், அவ்வளவுதான். அவர் தங்கிவிட்டார் என்று சொல்லி இதை முடிக்க நமக்கும் ஆசைதான். ஆனால் அவர் குறித்த தேதியில் ஊருக்குப் போய்விட்டார். வண்டி புறப்படுமுன், "ஆடிக்கு மேல் ஒரு தடவை வருகிறேன், டிக்கெட்டு பார்த்து வை" என்றார். இப்போது டெலிபோனில் பேசும்போது பேத்தியிடம் முதலில் விசாரிப்பது, அந்த அம்மாள் படியில் உட்கார்ந்திருக்கிறார்களா என்பதைத்தான்.

வாசக அன்பர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். ஊரிலிருந்து வரும் பெரியவர்களுக்கு நாம் குதுப் மினாரைக் காட்டுகிறோம், ராஷ்டிரபதி பவனைக் காட்டுகிறோம். பார்த்து முடித்தபின் அவர்கள் மாடி அறைக்குத் திரும்பி ஜன்னலருகில் உட்கார்ந்துவிடுகிறார்கள். பார்க்கும் இடத்தோடு உட்காரும் இடத்தையும் காட்டுங்கள். ஜும்மா மசூதிக்குப் போவதானால் குளிர்காலத்துக் காலை வெயில் உகந்தது. வெள்ளிக்கிழமை நண்பகலும் பண்டிகை நாட்களும் தொழுவோருக்கு உரியவை. அன்று நாம் இடம் விடவேண்டும். உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டும். வெளிப்படியில் உட்காருவதற்கு எந்த விதியும் இல்லை.

இரண்டாவது வார்த்தை நமக்கு நாமே சொல்லிக்கொள்வது. நம் சங்கத்தின் மாதக் கூட்டம் நடப்பது இரண்டாவது மாடியில். அதற்கு 41 படிகள். கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். கூட்டத்துக்கு முதியவர்கள் வருவதில்லை என்று சென்ற ஆண்டறிக்கையில் குறைப்பட்டுக்கொண்டோம். அவர்களுக்குத் தமிழில் ஆர்வம் குறைந்துவிட்டது என்றுகூட ஒருவர் பேசினார். ஆர்வம் குறையவில்லை, அன்பர்களே, படிதான் அதிகம். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டத்தையாவது கீழ்த்தளத்தில், நாலு பெஞ்சு போட்டு நடத்தும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். கதை சொல்ல ஆள் தேட வேண்டியதில்லை. வந்து உட்காருகிற பெரியவர்களே சொல்லுவார்கள்.

இந்த மாதம் ஏறும் படிகளைப் பற்றிச் சொன்னோம். அடுத்த இதழில், டில்லியில் பூமிக்குள் இறங்கும் படிக்கிணறுகளைப் பற்றி எழுதுவோம்.